அட்டை பிரிக்கிற வேலை

போன மாதம் சேலையூரிலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற சின்ன கிளினிக் அது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், முன்மேஜையில் ஒரு ஆள், அவ்வளவுதான். எங்கள் டாக்டரம்மா ஓய்வு பெற்று, அவருடைய தங்கை மகள் டாக்டர் அனிதா பொறுப்பெடுத்து ஒரு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எப்படி இத்தனை பேரைச் சமாளித்தீர்கள், ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போங்களேன் அக்கா என்றாள் திவ்யா. மரியாதைக்குக் கூப்பிடுகிறாள் என்று தெரியும். ஆனாலும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

போனால், என் மூன்று அலமாரிகளும் திறந்து கிடக்கின்றன. நோயாளிகளின் விவர அட்டைகளையெல்லாம் கோணியில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். சனிக்கிழமை பழைய பேப்பர் கடைக்காரர் வருகிறாராம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். கடைசி இரண்டு வருட விவரம் மட்டும் ஏற்றியிருக்கிறோம், வெளியிலிருந்து ஆள் வைத்துப் பத்தே நாளில் முடித்தோம் என்று பெருமையாகச் சொன்னாள்.

ஒரு பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். சுமதி, பம்மல். இரண்டு தட்டு தட்டியதும் வந்துவிட்டது. வயது, போன் நம்பர், போன தடவை வந்த தேதி எல்லாம் இருந்தது. மருந்து ஒவ்வாமை என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று போட்டிருந்தது.

சுமதிக்குப் பென்சிலின் வகை மருந்து ஒன்றுகூட ஆகாது. அது எனக்குத் தெரிந்த மாதிரி இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரு தடவை அவளைச் சாவு வரைக்கும் கொண்டுபோய் விட்டது என் கை. அதைத்தான் எழுதப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சுமதியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை ஒன்றும் பெரிதில்லை. பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர், கல்யாணமாகி ஒரு குழந்தை. எங்கள் சர்ச்சுக்கு வருகிற ஒரு டீச்சர் சொல்லிவிட்டதில் போய் நின்றேன். டாக்டரம்மா என் சர்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னார். எழுத்து புரிகிறது, நாளைக்கு வாங்க என்றார். முதல் மூன்று மாதம் டோக்கன் கொடுப்பது, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வைப்பது, வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்கிறவர்களின் விலாசத்தை எழுதுவது. வழக்கமான மாத்திரை தீர்ந்துவிட்டது, சீட்டு மட்டும் கொடுங்கள் என்று வருகிறவர்களை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. ஆளைப் பார்க்காமல் டாக்டரம்மா ஒரு சீட்டும் எழுத மாட்டார். அதற்கான திட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் முன்மேஜையில் நான் இருந்தேன்.

டாக்டரம்மாவுக்குச் சத்தமாகப் பேசத் தெரியாது. கோபம் வந்தால் பேனாவுக்கு மூடி போடுவார். மூடி போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். சாதாரண நாளில் நான் ராணி. கோபமான நாளில் முழுப்பெயர், செல்வராணி. உட்காருங்க என்று சொல்லிவிட்டாரென்றால் விஷயம் ரொம்ப முற்றிவிட்டது என்று அர்த்தம். முப்பத்தொரு வருடத்தில் என்னை மூன்று தடவைதான் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

இனி அட்டை. எங்கள் கிளினிக்கில் ஆளுக்கு ஒரு அட்டை கிடையாது, வீட்டுக்கு ஒரு அட்டை. கெட்டியான காகிதத்தை நடுவில் மடித்து நாலு பக்கம். முதல் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் பெயரும் மற்றவர்கள் பெயரும். உள்ளே இரண்டு பக்கத்தில் பழைய நோய், ஆபரேஷன், பிரசவம். நடுவில் தினப்படி எழுதுகிற தாள்களைச் செருகி வைப்போம். கடைசிப் பக்கம் டாக்டரம்மாவுடையது. அங்கே சிவப்பு மையில் அவர் மட்டும் எழுதுவார். யாருக்கு எது ஆகாது, யாரிடம் எதைச் சொல்லக் கூடாது, எந்த வீட்டில் யாருக்குக் குடி, எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஆளுக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டையே பார்க்கணும் ராணி என்பார்.

வீடு பிரிந்தால் அட்டையும் பிரியும். சேலையூர்ப் பழைய குடும்பங்களில் பாகப்பிரிவினை நடப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எங்களுக்குத் தனி அட்டை போட்டுக் கொடுங்கள் என்று தம்பி பெண்டாட்டி வந்து நின்றால், அடுத்த மாதம் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. அதற்கும் ஒரு முறை உண்டு. பழைய அட்டையை விரித்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பிரிந்து போகிறவர்களுக்கானதைப் பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் புது அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு டிக். நாலு டிக் விழுந்தபிறகு டாக்டரம்மா கையெழுத்துப் போடுவார். கேட்டு எழுதக் கூடாது, பார்த்துத்தான் எழுத வேண்டும். இதை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு தடவை. மறுபடி சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

கோவிந்தம்மாள் பழைய சேலையூர்க்காரர். நிலம் நீச்சு இருந்து, மனையாகி, வாடகைக்கு விட்டிருந்த குடும்பம். புருஷன் இல்லை. ஒரே மகன் மூர்த்தி, கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மருமகள்தான் சுமதி. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். யார் மேல் தப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, எனக்குத் தேவையும் இல்லை. பம்மலில் சுமதியின் அக்கா வீட்டுப் பக்கமாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போன கையோடு, குழந்தைக்கு இருமல் என்று சுமதி கிளினிக்குக்கு வந்து தனி அட்டை கேட்டாள். அன்றைக்கென்று பிரஷர் பார்க்கக் கோவிந்தம்மாளும் வந்திருந்தார்.

நான் பழைய அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். விரிப்பதற்குள் கோவிந்தம்மாள் எழுந்து வந்து, உள்ளங்கையை அகல விரித்து அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இது எங்க வூட்டு அட்டை. இதுலேர்ந்து ஒரு எழுத்து அவளுக்குப் போவக்கூடாது."

சுமதி சும்மா இருக்கவில்லை. உங்கள் எழுத்து யாருக்கு வேண்டும், நானே சொல்கிறேன், எழுதிக்கோங்க அக்கா என்றாள். கூடத்தில் இருபது பேர். ஒரு குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. ஆளாளுக்கு எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குச் சண்டை முடிந்தால் போதும் என்று இருந்தது. சுமதி சொல்லச் சொல்ல எழுதினேன். என்ன மருந்து ஆகாது என்று கேட்டேன், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பழைய அட்டையைப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வந்தது. அட்டை அலமாரிக்குள் போய்விட்டிருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். அவளே சொல்லிவிட்டாளே, பிறகென்ன என்று நாலு டிக்கையும் வரிசையாகப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா டிக்கைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சுமதி தொண்டைவலி, காய்ச்சல் என்று வந்தாள். டாக்டரம்மா புது அட்டையைப் பார்த்து மாத்திரை எழுதினார். மதியம் சாப்பிட்டதும் போட ஆரம்பியுங்கள் என்று சொன்னது வெளியே எனக்கே கேட்டது. அவள் பத்தரை மணிக்குப் பஸ் ஏறிவிட்டாள். பதினொன்றரைக்குக் கோவிந்தம்மாள் வந்தார். அவர் அட்டையில் செருகியிருந்த தாள் அன்றைக்கு நிரம்பியிருந்தது. புதுத் தாள் செருக அட்டையை முழுசாக விரித்தேன். கடைசிப் பக்கம் மேலே வந்தது. சிவப்பு மையில் இரண்டு வரி. சுமதி, பிரசவத்துக்குப் பிறகு, பென்சிலின் மாத்திரை, உதடு வீக்கம், மூச்சுத் திணறல். இனி எப்போதும் கொடுக்கக் கூடாது. மாமியாரிடம் சொல்லப்பட்டது.

மாமியாரிடம் சொல்லப்பட்டது. சுமதியிடம் இல்லை. பின்னால்தான் எனக்கு விவரம் தெரிந்தது. பச்சை உடம்புக்காரி பயந்துவிடப் போகிறாள் என்று, அது உடம்புச் சூடு என்றே அவளிடம் சொல்லி வைத்திருந்தார் கோவிந்தம்மாள். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தவரை அவளுக்கு எந்த மாத்திரை வந்தாலும் முதலில் அவர்தான் வாங்கிப் பார்ப்பாராம். அவளோ அதை அதிகாரம் என்று நினைத்திருக்கிறாள்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். டாக்டரம்மா ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன். ஒரே பார்வைதான் பார்த்தார். போன் பண்ணுங்க என்றார். அட்டையில் இருந்தது மூர்த்தியின் நம்பர். அவன் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடித்து அடித்து ஓய்ந்தது. கம்பெனி நம்பர் எங்களிடம் இல்லை.

"நீங்க போங்க ராணி. மாத்திரை போடலைன்னா வாங்கிட்டு வந்துடுங்க. போட்டிருந்தா இங்க கூட்டிட்டு வராதீங்க. பம்மல் மெயின் ரோட்ல என் கூடப் படிச்சவர் நர்சிங் ஹோம் வெச்சிருக்கார், நேரா அங்க. நான் இப்பவே பேசிடறேன்" என்றார். குழந்தையின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் புது அட்டையில் விலாசம் பார்த்தேன். பம்மல், தண்ணீர்த் தொட்டி அருகில். அவ்வளவுதான். நான் எழுதிய லட்சணம். பம்மலில் எத்தனை தண்ணீர்த் தொட்டி! தெருத்தெருவாகக் கத்திக்கொண்டாவது போகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்து கோவிந்தம்மாளும் ஏறினார். டாக்டரம்மா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியும் வூடு" என்றார்.

ரயில்வே லைனைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுந்து, பல்லாவரம் வந்து திரும்புகிறவரை அவர் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மனசுக்குள் ஜெபம் செய்துகொண்டே வந்தேன். பம்மலுக்குள் நுழைந்ததும் அவர் வழி சொல்ல ஆரம்பித்தார். இந்த லெஃப்ட், அந்த மாவு மில் தாண்டி, ரைட்ல சந்து, பச்சை கேட். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. எப்படித் தெரியும் என்று நான் கேட்டுவிட்டேன்.

"ரெண்டு தபா வந்தேன். தெருமுனையில நின்னுகினு பாத்துட்டுப் பூட்டேன்" என்றார்.

கேட்டைத் திறந்தோம். சுமதி நடுவீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே கழுவாத தட்டு, பிரித்த மாத்திரை அட்டையில் ஒன்று காலி. கழுத்தெல்லாம் தடித்திருந்தது, உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. எங்களைப் பார்த்து என்னமோ சொல்ல வந்தாள், குரல் கரகரவென்று வந்து நின்றுவிட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கோவிந்தம்மாள் நிற்கவில்லை. அன்னைக்கும் இப்படித்தான் இருந்தா, தூக்கு ராணி என்றார். ஆளுக்கொரு தோளைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். நர்சிங் ஹோம் வாசலிலேயே ஊசியோடு நர்ஸ் நின்றிருந்தாள். டாக்டரம்மா போன் செய்துவிட்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம் ஆகியிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

சாயங்காலம் கிளினிக்குக்குத் திரும்பினேன். டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பேனாவுக்கு மூடி, கண்ணாடி மேஜையில். உட்காருங்க செல்வராணி என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் நான் கூட்டத்தைச் சொல்லியிருப்பேன், சண்டையைச் சொல்லியிருப்பேன், குழந்தை அழுததைச் சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"எந்தப் பக்கத்துல உங்க கை நின்னுது?"

பக்கத்தையே திறக்கவில்லை டாக்டர், டிக் மட்டும் போட்டேன் என்று சொன்னேன். அவர் அந்த நாலு டிக்கைப் பார்த்தார். பிறகு, கீழே இருந்த தன் கையெழுத்தைக் காட்டினார். இதுவும் அப்படிப் போட்டதுதான், நான் பழைய அட்டையைக் கேட்டு வாங்கியிருக்கணும், மருந்து எழுதும்போது அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், ரெண்டும் செய்யலை என்றார். நாளைக்கு ரெண்டு பேரும் போய் அவங்க வீட்டு ஆட்களிடம் இதைச் சொல்றோம் என்று முடித்தார்.

வீட்டில் என் கணவர் போகாதே என்றார். அவளே ஒன்றுமில்லை என்று சொன்னாள்தானே, நீயாகப் போய் ஏன் வாயைக் கொடுக்கிறாய், வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான பயம்தான், எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் இரவு முழுக்க யோசித்ததில், சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு, சொல்லிவிட்டு அதை இழப்பது மேல் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சொன்னோம். மூர்த்தி கத்தினான், கத்தத்தான் செய்வான். உங்களை நம்பித்தானே பம்மலிலிருந்து அவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டான். கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள்தான் அவனை நிறுத்தினார்.

"அந்தம்மாவை வுடுடா. அட்டை மேல கையை வெச்சி மூடினது நானு."

டாக்டரம்மா அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீங்க கையை வெப்பீங்கம்மா. கோவத்துல யாரும் வெப்பாங்க. அதை எடுக்கச் சொல்லிப் பார்க்கறதுதான் எங்க வேலை" என்றார். சுமதி கட்டிலில் படுத்தபடி மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்புச் சூடுன்னு சொன்னீங்களே அத்தை என்று மட்டும் கேட்டாள். அழுதது சுமதியா, கோவிந்தம்மாளா, நானா என்று கேட்டால் மூன்று பேரும்தான். அவர்கள் மறுபடி ஒரே வீட்டுக்கு வரவில்லை. ஆனால் மாதாமாதம் கோவிந்தம்மாள் பிரஷர் பார்க்க வரும்போது கூட வந்தது சுமதிதான்.

என் வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக டாக்டரம்மா ஒரு புது முறை வைத்தார். இனி அட்டை பிரிக்கும்போது பார்த்து எழுதினால் மட்டும் போதாது. பிரிந்து போகிறவருக்கு என்ன ஆகாது என்று, அவரோடு சண்டை போட்டவரிடமும் கேட்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இடத் தகராறில் தம்பியோடு ஆறு வருடம் பேசாத ஒரு அண்ணனிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகரவில்லை, பேனாவைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்சம் பொறுத்து, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவனுக்கு ஊசின்னா மயக்கம் வந்துரும். படுக்க வெச்சிப் போடச் சொல்லுங்க." அதையும் எழுதினேன்.

திவ்யாவின் கம்ப்யூட்டரில் 'இல்லை' என்று பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரியும். அது யாரும் கேட்டுப் போட்ட 'இல்லை' இல்லை, கடைசிப் பக்கத்தை ஏற்றாமல் விட்டதால் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்டது. பக்கத்தைத் திறக்காமல் நான் போட்ட டிக்தான் அது, இப்போது எல்லோர் பெயருக்கும் நேராக அச்சில் இருக்கிறது.

அப்போதே டாக்டர் அனிதாவிடம் போனேன். கெட்டிக்காரப் பெண், ஆனால் நேரம் இல்லாத பெண். சுமதியின் பழைய அட்டையையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், இத்தனை அட்டையையும் யார் உட்கார்ந்து பார்ப்பது ஆன்ட்டி, ஆள் இல்லையே என்றாள். ஆள் இருக்கிறேன் என்றேன். சம்பளம் வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி போதும். கோணியை அவிழ்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று தானாக விழக்கூடாது, 'கேட்கவில்லை' என்று விழ வேண்டும், அதையும் மாற்றச் சொல்லுங்கள் என்றேன். மாற்றினார்கள். பேப்பர் கடைக்காரர் சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பினார்.

இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்குப் போகிறேன். நான் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறேன், திவ்யா தட்டுகிறாள். ரிட்டயர் ஆனதையே மறந்துட்டீங்களாக்கா என்று கிண்டல் செய்கிறாள், செய்துகொள்ளட்டும். வீட்டுப் பெரியவர் இறந்துபோன அட்டைகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். இவங்கதான் இல்லையே, இதுவும் பார்க்கணுமா என்று கேட்டாள். அதைத்தான் முதலில் பார்க்கணும் என்று எடுத்து வைத்தேன்.

முதல் நாளே சுமதிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தை இருந்திருந்தா இந்நேரம் அங்க வந்து உங்ககிட்ட கத்தியிருப்பாங்க" என்றாள். "அவங்க போயி மூணு வருஷம் ஆச்சுக்கா. இப்ப எனக்கு எது ஆகாதுன்னு பாக்கறதுக்கு யாருமில்ல."

நான் இருக்கிறேன் என்றேன். இரண்டு அலமாரி முடிந்துவிட்டது. மூன்றாவதில் இன்னும் நாலு தட்டு பாக்கி.